குரூப்பில் போட்டதை எடுத்துவிடு, பாப்பா

திருப்பாதிரிப்புலியூர்,
கடலூர்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், அம்மா நடுவில் போனைப் பிடுங்குவாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை குடும்ப குரூப்பில் நீ போட்டதைப் பார்த்தேன். அந்த நடிகர் நீ ஏர்ஹோஸ்டஸாக வேலை பார்த்த ஃப்ளைட்டில் வந்தார், முதல் வரிசை ஜன்னல் சீட், தொப்பியைக் கழற்றினால் தலையில் முடியே இல்லை, சாப்பாடு வேண்டாம் என்று தண்ணீர் மட்டும் வாங்கி ஏதோ மாத்திரை போட்டுக்கொண்டார். நாலு வரி, கூடவே சிரிக்கிற பொம்மை. அரை மணி நேரத்தில் உன் அத்தை மகன் அதைத் தன் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டான். "எங்க மாமா பொண்ணு நேர்ல பார்த்தது" என்று சாட்சி வேறு. அவனைக் கூப்பிட்டுத் திட்டி எடுக்க வைத்தேன். அதற்குள் எத்தனை பேர் பார்த்தார்களோ.

அதே பயணத்தில் நடந்த இன்னொன்றைப் போனில் சொன்னாயே, அதை ஏன் குரூப்பில் போடவில்லை? இறங்குகிற நேரம் அவர் ஜன்னல் திரையை மூடிவிட்டுக் கண் அயர்ந்திருந்தார். நீ எழுப்பி, திறக்கச் சொன்னாய். முணுமுணுத்தார். நீயும் நகராமல் நின்று திறக்க வைத்தாய். ஏறும்போது முதல் 3 நிமிடமும் இறங்கும்போது கடைசி 8 நிமிடமும்தான் ஆபத்தான நேரம், வெளியே புகையோ நெருப்போ இருந்தால் கதவைத் திறப்பதற்கு முன்பே கண்ணில் பட வேண்டும், அதற்குத்தான் திரையைத் திறப்பது, இரவானால் உள்ளே விளக்கைக் குறைப்பதும் கண் இருட்டுக்குப் பழகத்தான் என்று விளக்கினாய். அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் நான் இதை இரண்டு தடவை சொன்னேன். 50 சீட்டுக்கு ஒருவர் என்று கணக்கு வைத்து, 186 சீட்டுக்கு நீங்கள் 4 பேர். பஸ் கண்டக்டர் எனக்கு 55 சீட், நிற்பவர்களுக்குக் கணக்கே கிடையாது. ஆனால் கவிழ்ந்தாலும் என் பஸ் ரோட்டிலேயேதான் கிடக்கும்.

கண்டக்டர் மகள் என்று உன் டிரெயினிங்கில் யாரோ சிரித்ததாக ஒரு தடவை சொன்னாய். ரஜினிகாந்தும் பெங்களூரில் கண்டக்டர்தான், போய்ச் சொல். சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்று.

1994-ஓ 95-ஓ, நான் புதுச்சேரி–கடலூர் ரூட்டில் ஓடிக்கொண்டிருந்தேன். நீ பிறக்கவில்லை. கடைசி ட்ரிப், மழை. தவளக்குப்பத்தில் ஒருவர் ஏறினார். மேடைப் பேச்சாளர். இந்தப் பக்கம் அவர் குரல் தெரியாத ஆள் அப்போது கிடையாது, மஞ்சக்குப்பம் மைதானத்தில் அவர் பேசினால் கடலூர் பழைய டவுன் வரை ஆள் வரும். பின்படிக்கட்டுக்குப் பக்கத்து சீட்டில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டிக்கெட் கொடுத்தேன். மீதி 2 ரூபாய்க்குச் சில்லறை இல்லை. டிக்கெட்டின் பின்னால் 2 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஆல்பேட்டை செக்போஸ்ட் உனக்குத் தெரியும். புதுச்சேரி மது பாட்டில் எதுவும் பெண்ணையாற்றைத் தாண்டிவிடக் கூடாது என்று டார்ச் அடித்துப் பையைத் தடவுகிற இடம். (பாரதியாரும் இந்தப் பக்கம்தான் பிடிபட்டார். 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வந்தவரைக் கடலூருக்கு அருகே கைது செய்து நம் ஊர் ஜெயிலில் வைத்தார்கள், டிசம்பரில்தான் விட்டார்கள்.) அன்றைக்கு ஏறிய போலீஸ்காரர் சின்னப் பையன். துணிப்பையைத் திறக்கச் சொன்னார். பேச்சாளர் ஒன்றும் பேசாமல் திறந்தார். டார்ச் வெளிச்சத்தில் ஒரு வேட்டி, டிபன் பாக்ஸ், மழையில் ஓரம் நனைந்த பெரிய பழுப்பு நிற எக்ஸ்ரே கவர். "போதுமா தம்பி?" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் பையன் சல்யூட் அடிக்காத குறையாக இறங்கிவிட்டார்.

மறுநாள் காலை டிப்போ டீக்கடையில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "நேற்று யார் என் வண்டியில் வந்தது தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பத்துப் பேருக்காக எக்ஸ்ரே வரைக்கும் போனேன். சாயங்காலத்துக்குள் ஊர்ப் பேச்சில் அவருக்குப் புற்றுநோய், மூன்று நாளில் சாவுக்கே நாள் குறித்தாகிவிட்டது. நெல்லிக்குப்பத்தில் அவருக்கு ஏற்பாடாகியிருந்த கூட்டத்துக்கு வேறு ஆளைப் போட்டார்கள். அந்த எக்ஸ்ரே அவர் மனைவியுடையது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஒரு மாதம் கழித்து மறுபடி என் வண்டியில் ஏறினார். டிக்கெட் வாங்கிய கையோடு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த பழைய டிக்கெட்டை எடுத்து நீட்டினார். "பாக்கி 2 ரூபாய்." என் கையெழுத்துதான். கொடுத்தேன். எண்ணிப் பார்த்துப் பையில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். அவருக்கு விஷயம் தெரிந்து கேட்டாரா, வெறும் சில்லறைக்காகக் கேட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் அவர் என் வண்டியில் ஏறியதே இல்லை.

அவர் பெயரை உனக்கும் சொல்லப் போவதில்லை.

பிரபலங்களிலும் ரகம் இருக்கிறது. ஏர் இந்தியாவைத் தொடங்கிய ஜே.ஆர்.டி. டாடாவைப் பற்றிப் படித்திருக்கிறேன். 1953-இல் அரசு எடுத்துக்கொண்ட பிறகும் 1978 வரை ஏர் இந்தியாவுக்கு அவர்தான் தலைவர். விமானத்தில் ஏறினால் டீ என்ன நிறத்தில் இருக்கிறது, கழிவறை சுத்தமா என்றெல்லாம் பார்த்துக் குறிப்பு எழுதி அனுப்புவாராம். அது பிரபலம் இல்லை, செக்கிங் இன்ஸ்பெக்டர்! அப்படி ஒருவர் ஏறினால் உனக்குக் கை நடுங்கலாம், நியாயம். ஆனால் உன் நடிகர் மாதிரி ஆட்கள் உன்னைக் கவனிக்க ஏறவில்லை. தொப்பியைக் கழற்ற ஒரு மணி நேரம் கிடைக்குமா என்றுதான் ஏறுகிறார்கள். கீழே இறங்கினால் அவருக்கு எங்கே கிடைக்கும்? புதுச்சேரிக்காரர்களிடம் எனக்குப் பிடித்தது இதுதான். முதலமைச்சர் ரங்கசாமி பைக்கில் போனால் ஒரு தரம் பார்ப்பார்கள், டீ ஆறுவதற்குள் குடித்துவிட்டு அவரவர் வேலைக்குப் போவார்கள்.

உன் கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போகும் என்று பயமுறுத்தத்தான் முதலில் நினைத்தேன். அது உனக்கே தெரியும். அதனால் விட்டுவிட்டேன். இந்த லெட்டர் கைக்கு வந்ததும், குரூப்பில் போட்டதை அழிக்கிற வழி இன்னும் இருந்தால் அழித்துவிடு. இல்லாவிட்டால் குரூப்பில் யாரும் மேலே அனுப்ப வேண்டாம் என்று ஒரு வரி போடு. பெரியப்பா கிண்டல் செய்வார், செய்துவிட்டுப் போகட்டும்.

மாசி மகத்துக்கு லீவு கேட்டுப் பார். தேவனாம்பட்டினத்துக்குச் சேர்ந்து போய் ரொம்ப நாளாயிற்று. புதுச்சேரி லாஸ்பேட்டை ஏர்போர்ட்டில் ரன்வே சின்னது, உன் பெரிய விமானம் இறங்காது. சென்னையில் இறங்கி பஸ் பிடி, கண்டக்டரிடம் சில்லறையாகக் கொடு. பண்ருட்டி முந்திரி வறுத்து வைப்பதாக அம்மா சொல்கிறாள்.

அவளிடம் இன்னும் பட்டன் போன்தான், குரூப்பில் இல்லை. நான் எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டு, "எந்த நடிகர்ங்க? அந்தப் பழைய படத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு வருவாரே, அவரா?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறாள். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அதையே சொல்.

அன்புடன்,
அப்பா