நரம்பியல் மருத்துவர்களுக்கு: நடுக்கத்தைக் கேட்ட பிறகு இதையும் கேளுங்கள்

அன்புள்ள நரம்பியல் மருத்துவர்களுக்கு,

வணக்கம். பார்க்கின்சன் நோயாளி ஒருவரின் மகள் நான். அப்பா எடுத்த மாத்திரையின் ஒரு பக்கவிளைவைப் பற்றி, அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். எழுதியதை அவரிடம் வாசித்தும் காட்டினேன்.

ஒரு நாள் இரவு இரண்டரை மணிக்குக் கூடத்தில் போன் வெளிச்சம் தெரிந்தது. அப்பா நாற்காலியில் சாய்ந்து கைக்கடிகாரம் வாங்கிக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற என் கண்ணில் முதலில் பட்டது அவருடைய விரல். அது நடுங்கவில்லை. சாப்பிடும்போது தட்டில் ஸ்பூன் மோதிச் சத்தம் போட்ட அதே கை, திரையில் சரியான இடத்தைத் தொட்டது. மருந்து நன்றாக வேலை செய்கிறதே என்று எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. மறுநாள்தான் கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். பத்தொன்பது கடிகாரங்கள், பாதிக்கு மேல் பிரிக்காத பார்சல்கள். அதில் ஒன்றின் வாரைக்கூட அவரால் தனியாக மாட்டிக்கொள்ள முடியாது.

செருப்பு தேய்ந்தால் அடிப்பாகம் மாற்றிப் போட்டுக்கொள்கிற மனிதர் அவர். வயதாகிறது, புத்தி பிசகுகிறது என்று நாங்களே ஒரு முடிவுக்கு வந்தோம். அம்மா அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். நான் கத்தினேன். சேமிப்பு கரைந்துகொண்டிருந்தது. எட்டு மாதம் கழித்து வேறொரு மருத்துவர் அப்பாவின் மாத்திரைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "இந்த மாத்திரை ஆரம்பித்த பிறகு செலவு, சூதாட்டம், சாப்பாடு, உடலுறவு ஆசை, இதில் எதுவாவது கைமீறிப் போனதா?" என்று சாதாரணமாகக் கேட்டார். அப்பா அழுதுவிட்டார். எட்டு மாதத்தில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

அதற்குப் பிறகுதான் நான் படிக்க ஆரம்பித்தேன். நீங்கள் அறிந்த விஷயம்தான், ஆனால் ஒரு குடும்பம் இதைத் தாமதமாகத் தெரிந்துகொள்வது எப்படி இருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். 2010இல் வெளியான டொமினியன் ஆய்வு 3,090 பார்க்கின்சன் நோயாளிகளைப் பரிசோதித்தது. அப்பா எடுத்ததைப் போன்ற டோபமைன் அகோனிஸ்ட் மாத்திரை (அசைவுக்கும் ஆசைக்கும் மூளை பயன்படுத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளைப் போல வேலை செய்வது; பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்றவை) எடுத்தவர்களில் 17.1 சதவீதம் பேருக்கு இப்படிக் கட்டுப்பாடு இழந்த பழக்கம் ஏதாவது ஒன்று இருந்தது, எடுக்காதவர்களில் 6.9 சதவீதம். அது ஒரு சமயத்தில் எடுத்த கணக்கு. நோயாளிகளை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்த பிரெஞ்சு ஆய்வு 2018இல் வந்தது. 411 பேர். ஐந்து வருடத்துக்குள், அந்த மாத்திரையை எப்போதாவது எடுத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்தச் சிக்கல் வந்திருந்தது. பாதிப் பேருக்கு வருவதை அபூர்வமான பக்கவிளைவு என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஏன் இப்படி ஆகிறது என்று படித்தபோதுதான் அப்பாவின் மேல் இருந்த கோபம் போனது. குரங்குகளின் மூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்களை வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை விஞ்ஞானி பல வருடம் பதிவு செய்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அந்த அணுக்கள் துள்ளுகின்றன. எதிர்பார்த்த சாறு வராமல் போனால் அந்த நொடியில் அடங்கிப்போகின்றன. ஏமாற்றம் என்று நாம் சொல்வதற்கு மூளை போடும் குறி அந்த அடங்கல். மாத்திரையோ டோபமைனைப் போலவே நடித்து, டோபமைன் வந்து ஒட்டும் இடமான ஏற்பியை விடாமல் தூண்டிக்கொண்டிருக்கிறது; அதனால் அந்த அடங்கல் தெரியாமலே போகிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து. மைக்கேல் ஃபிராங்க் என்ற மூளை ஆய்வாளரின் குழுவினர் பார்க்கின்சன் நோயாளிகளிடம் 2004இல் காட்டியதும் இதையொட்டியதுதான்: மருந்து எடுக்காத சமயத்தில் நோயாளிகள் தோல்வியிலிருந்து நன்றாகப் பாடம் கற்றார்கள், மருந்து எடுத்தபோது வெற்றியிலிருந்து மட்டும் நன்றாகக் கற்றார்கள். பத்தொன்பதாவது கடிகாரம் வந்தபோதும் அப்பாவுக்கு ஏன் "போதும்" என்று தோன்றவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இன்னொன்றும் உண்டு. நோய் முதலில் டோபமைன் இல்லாமல் வறளவைப்பது மூளையில் அசைவைக் கவனிக்கும் பகுதியை. ஆசையையும் பரிசையும் கவனிக்கும் பகுதி ஆரம்பத்தில் அவ்வளவு பாதிக்கப்படுவதில்லை. மேட்டு வயல் காய்கிறதே என்று மடையைத் திறந்தால், ஏற்கெனவே ஈரமாக இருக்கும் பள்ளத்து வயல் மூழ்கிப்போவதைப் போல. கைக்குப் போதுமான டோஸ் ஆசைக்கு அதிகமாகிவிடுகிறது. இதில் அப்பாவின் ஒழுக்கம் எங்கே வந்தது?

சரி, நான் கேட்க வந்தது இதுதான். மாத்திரையை எழுதும் அன்றைக்கே சொல்லுங்கள், நோயாளியிடம் மட்டுமல்ல, கூட வந்தவரிடமும். "கவனமாக இருங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் எங்களுக்கு ஒன்றும் புரியாது. சூதாட்டம், வாங்கிக் குவிப்பது, அளவுக்கு மீறிச் சாப்பிடுவது, பாலுறவு நாட்டம், ஒரே வேலையை மணிக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்வது என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். அப்புறம், வரும்போதெல்லாம் கேளுங்கள். முதல் மாதத்தில் இல்லாதது மூன்றாம் வருடத்தில் வரலாம். முடிந்தால் எங்களைத் தனியாகவும் ஐந்து நிமிடம் கேளுங்கள். அப்பா பார்சல்களை ஒளித்து வைத்தார் என்றால், அது தப்பு என்று அவருக்குத் தெரிந்திருந்ததால்தான். வெட்கப்படுகிறவர் தானாக வாய் திறக்க மாட்டார். ஒரு மகளும் தன் அப்பாவின் பாலுறவு நாட்டம் பற்றித் தானாகப் பேச்சை எடுக்க மாட்டாள். நீங்கள் கேட்டால்தான் உண்டு.

சொன்னால் பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவார்கள் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அந்தப் பயம் நியாயமானதுதான். சட்டென்று நிறுத்தினால் பதற்றம், மனச்சோர்வு, வியர்வை, மருந்துக்கான ஏக்கம் எல்லாம் வரலாம் என்பது எங்களுக்கும் இப்போது தெரியும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தபோதே அப்பா இரண்டு வாரம் சரியாகத் தூங்கவில்லை. அதனால்தான், நீங்களாக நிறுத்தாதீர்கள், எங்களிடம் வாருங்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். ஒன்றும் தெரியாத குடும்பம், மனிதரைத் திட்டித் தீர்த்துவிட்டு மாத்திரையை மட்டும் தவறாமல் கொடுத்துக்கொண்டிருக்கும். நாங்கள் அதைத்தான் செய்தோம்.

இப்போது டோஸ் குறைந்திருக்கிறது. கை முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாக நடுங்குகிறது. அப்பாவுக்கு அது பரவாயில்லையாம். கடிகாரங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். காலையில் அம்மா அதன் வாரை மாட்டிவிடுகிறார்.

அடுத்த மாதம் மறுபடியும் அப்பாவும் நானும் வருகிறோம். நடை எப்படி, தூக்கம் எப்படி என்று கேட்ட பிறகு, தயவுசெய்து அந்தக் கேள்வியையும் கேளுங்கள். அப்பா பதில் சொல்லத் தயாராக இருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு பார்க்கின்சன் நோயாளியின் மகள்