போலி பிராந்தி பிடிபட்ட கிளையின் மதுபான உரிமம் குறித்த புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், பிறை, பினாங்கு
பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர், தலைமை அலுவலகம்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையார்,

பொருள்: பிறைக் கிளையில் போலி பிராந்தி பிடிபட்டதை அடுத்து, அக்கிளையின் மதுபான விற்பனையை நிறுத்தி உரிமத்தை மறு ஆய்வுக்கு உட்படுத்தக் கோருதல்

என் முதல் புகாருக்குத் தாங்கள் அனுப்பிய பதில் கிடைத்தது. பிராந்திக்கு நான் கொடுத்த 177 ரிங்கிட்டைத் திருப்பித் தருவதாகவும், மேலும் 50 ரிங்கிட்டுக்குப் பற்றுச்சீட்டு (வவுச்சர்) வழங்குவதாகவும், தவறு சரக்கு அனுப்பியவருடையதே என்றும் அதில் எழுதியிருக்கிறீர்கள். அதே பெட்டியிலிருந்து மற்ற போத்தல்களை வாங்கிச் சென்றவர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை என்பதால் மீண்டும் எழுத வேண்டியதாயிற்று.

எங்கள் வீட்டு முனீஸ்வரர் படையலுக்காகத் தங்கள் கிளையில் 700 மில்லிலிட்டர் வெளிநாட்டு பிராந்தி மூன்று போத்தல்களை, ஒன்று 59 ரிங்கிட் வீதம் வாங்கினேன். பூசை முடிந்து படையலைப் பகிரும் நேரத்தில், துறைமுகத்தில் பல ஆண்டுகள் வேலை செய்த என் தாய்மாமன் முதல் போத்தலைத் திறந்தார். மூடியைத் திருகியபோது அடியிலுள்ள வளையம் அறுபடாமல் மூடியோடு சேர்ந்தே கழன்று வந்தது. மற்ற இரண்டையும் விளக்கொளியில் வைத்துப் பார்த்தோம். ஒன்றில் கழுத்துவரை இருந்த பிராந்தி மற்றொன்றில் தோள்பட்டைக்குக் கீழே நின்றது, இரண்டின் வரி முத்திரையிலும் ஒரே எண் அச்சாகியிருந்தது. முத்திரைக்கு முத்திரை எண் மாற வேண்டாமா? யாரும் குடிக்கக் கூடாது என்று மாமா தடுத்துவிட்டார். மறுநாள் கடைக்குச் சென்றபோது, சாமிக்கு வைத்த பொருளைத் திருப்பி எடுக்க இயலாது என்று தங்கள் மேற்பார்வையாளர் பதில் சொன்னார். முனீஸ்வரர் மூடியைத் திறக்கவில்லை என்பதை அவருக்கு விளக்கிப் பயனில்லை என்று வந்துவிட்டேன்.

அதன் பிறகு நான் அமலாக்க அதிகாரிகளிடம் ஒப்படைத்த போத்தலின் பேரில் அவர்கள் கடைக்கு வந்து, அலமாரியிலிருந்த அதே வகைப் போத்தல்களைப் பறிமுதல் செய்தது தங்களுக்குத் தெரியும். இரண்டு வாரம் கழித்து அதே அலமாரி, அதே விலைச்சீட்டோடு மீண்டும் நிறைந்திருந்தது. என் புகாரின் மையமே இதுதான்.

சரக்கு அனுப்பியவர் ஏமாற்றிவிட்டார் என்று தாங்கள் சொல்வதை ஏற்க முடியாததற்கு அந்த விலையே காரணம். 2016 மார்ச் மாதம் நடைமுறைக்கு வந்து 2025 அக்டோபர் வரை இருந்த கணக்கின்படியே, பிராந்தியில் உள்ள தூய சாராயத்தின் ஒவ்வொரு லிட்டருக்கும் கலால் வரி 150 ரிங்கிட். 40 விழுக்காடு செறிவுள்ள 700 மில்லிலிட்டர் போத்தலில் தூய சாராயம் 280 மில்லிலிட்டர். அந்தக் கணக்கில் அதற்குரிய வரி 42 ரிங்கிட். 59 ரிங்கிட்டில் மிஞ்சும் 17 ரிங்கிட்டுக்குள் சரக்கின் விலை, கப்பல் கூலி, விற்பனை வரி, தங்கள் இலாபம் அத்தனையும் அடங்கிவிட்டதா? மலிவு என்று மகிழ்ந்து வாங்கியது என் அறியாமை. மொத்தக் கொள்முதல் செய்யும் நிறுவனத்துக்கு இந்தக் கணக்கு தெரியாது என்று நம்புவது கடினம்.

2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பலர் நேப்பாளம், மியன்மார், வங்காளதேசம் ஆகிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள். மெத்தனாலை வாசனையைக் கொண்டோ ருசியைக் கொண்டோ பிரித்தறிய முடியாது. உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குவதற்குப் பல மணி நேரம் ஆகும் என்பதால், குடித்தவர் வெறும் போதை என்று எண்ணிப் படுத்துவிடுவார். எங்கள் போத்தலில் மெத்தனால் இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஆய்வு முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் தங்கள் பிறைக் கிளைக்குச் சம்பள நாளன்று வருபவர்கள் பெரும்பாலும் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் அதே நாட்டுத் தொழிலாளர்கள்தாம். அவர்களுக்கு மூடி வளையத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு தாய்மாமன் உடனிருக்கப் போவதில்லை.

நான் மதுவுக்கு எதிரி அல்லன் என்பது மேலே எழுதியதிலிருந்தே விளங்கும். தோட்டப்புறங்களைச் சீரழித்த சம்சு என்ற மலிவுச் சாராயத்துக்கு எதிராகப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் நீண்ட காலம் குரல் கொடுத்ததைக் கேட்டு வளர்ந்தவன் என்ற முறையில், உரிமம் பெற்ற கடையில் வாங்கினால் பாதுகாப்பு என்று நம்பியிருந்தேன். 1976-ஆம் ஆண்டின் கலால் சட்டத்தின்கீழ் உரிம வாரியம் வழங்கும் அந்தத் தாளைத் தங்கள் கிளை கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டகத்துக்குள் வைத்து மாட்டியிருக்கிறது. வாடிக்கையாளர் நம்புவது அந்தத் தாளை. முகம் தெரியாத சரக்கு வழங்குநரை அன்று.

ஆகவே, ஆய்வு முடிவு வரும்வரை பிறைக் கிளையில் மதுபான விற்பனையை முழுவதுமாக நிறுத்த வேண்டும். பறிமுதலுக்குப் பின் அலமாரிக்கு வந்த சரக்கின் கொள்முதல் ரசீதுகளை அமலாக்க அதிகாரிகளிடம் தாங்களாகவே ஒப்படைக்க வேண்டும். அந்த பிராந்தியை வாங்கியவர்கள் குடிக்காமல் திருப்பித் தரும்படி, மலாய், தமிழ், சீனம், நேப்பாளி, பர்மிய, வங்க மொழிகளில் கடை வாசலில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். ரசீது இல்லை என்று எவரையும் திருப்பி அனுப்பக் கூடாது. உரிமத்தைப் புதுப்பிக்க விண்ணப்பிக்கும்போது இந்தப் பறிமுதலை மறைக்காமல் வாரியத்திடம் தெரிவிப்பதாக எழுத்து மூலம் உறுதி தர வேண்டும்.

பற்றுச்சீட்டைத் திருப்பி அனுப்புகிறேன். 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், உரிமத்தை மறு ஆய்வு செய்யும்படி வாரியத்துக்கு நானே மனு அளிப்பேன். 177 ரிங்கிட்டுக்கான கோரிக்கையை, 5 ரிங்கிட் கட்டணத்தில் வழக்குப் பதியும் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் தனியாகத் தாக்கல் செய்வேன். இக்கடிதத்தின் நகல் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் பினாங்கு அலுவலகத்துக்கும் சுங்கத் துறைக்கும் அனுப்பப்படுகிறது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
பிறை.

இணைப்பு: ரசீதின் நகல், மூன்று போத்தல்களின் படங்கள், 50 ரிங்கிட் பற்றுச்சீட்டு.