அந்த 180 கிராமுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

மகளுக்கு இன்றோடு மூன்று மாதம் முடிகிறது. காலையில் எடை பார்த்தோம். 4 கிலோ 480 கிராம். நர்ஸ் அக்காவுக்கே நம்பிக்கை வரவில்லை. அவளைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு, எடைக் கருவியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, திரும்பப் படுக்கவைத்தார். அதே எண். உங்களிடம் நேரில் நன்றி சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

விஷயம் முழுதாகத் தெரியாதவர்களும் உங்களில் உண்டு. அவள் 37 வாரம் முடிந்த கையோடு பிறந்தாள். எடை 2,340 கிராம். 2,500 கிராமுக்குக் கீழே என்றால் எடை குறைந்த குழந்தை என்று கணக்கு. பிறந்த குழந்தை முதல் சில நாளில் கொஞ்சம் இளைப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் அது பத்து சதவீதத்தைத் தொடக்கூடாது, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்கு வந்துவிட வேண்டும் என்பார்கள். இவள் ஐந்தாம் நாள் 2,110. பதினான்காம் நாள் 2,160. பிறந்தபோது இருந்த எடைக்கே இன்னும் 180 கிராம் பாக்கி.

அந்தப் பதினான்கு நாளும் வந்தவர்கள் எல்லோரும் அவளை மெச்சிவிட்டுத்தான் போனார்கள். "என்ன சமத்து! அழவே மாட்டேங்குறா." எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். மார்பில் போட்டால் ஐந்து நிமிடத்தில் கண் சொருகும். அப்புறம் நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் அசைவே இருக்காது. வயிறு நிறைந்து தூங்குகிறாள் என்று நினைத்தேன். அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் கிடந்திருக்கிறாள். பிரசவம் நடந்த இடத்தில் "குடிக்கிறாளா?" என்று கேட்டார்கள், "குடிக்கிறா" என்றேன், தாளில் ஒரு டிக் விழுந்தது. அவள் குடிப்பதை ஒருவரும் நின்று பார்க்கவில்லை. அந்த இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். அந்த டிக் மட்டும் மனதில் நிற்கிறது.

நர்ஸ் அக்கா, முதல் நன்றி உங்களுக்கு. நீங்கள்தான் முதலில் பார்த்தவர்.

பதினைந்தாம் நாள் அழுதுகொண்டே வந்தேன். "எனக்குப் பால் பத்தலை போல" என்றேன். நீங்கள் அதற்குப் பதிலே சொல்லவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு என் முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். "சரி, குடுங்க, பார்ப்போம்." அவ்வளவுதான். நாற்பது நிமிடம் நீங்கள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, அவள் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கடைசியில் அவள் வாயை விட்டதும் என் காம்பைக் காட்டினீர்கள். ஒரு பக்கம் சரிந்து நசுங்கி, புது லிப்ஸ்டிக் முனை மாதிரி இருந்தது. "காம்பை மட்டும் கவ்வுறா. இப்படிக் கவ்வினா உங்களுக்கும் வலி, அவளுக்கும் பால் வராது."

அதுவரை நான் குனிந்து மார்பை அவள் வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். நீங்கள் அவளை என்னிடம் கொண்டுவரச் சொன்னீர்கள். அவள் வயிறு என் வயிற்றோடு ஒட்ட, அவள் மூக்கு என் காம்புக்கு நேராக. என் கை அவள் பிடரிக்கும் தோளுக்கும் அண்டை கொடுக்க வேண்டும், தலையைப் பிடித்து அழுத்தக்கூடாது. மேல் உதட்டைக் காம்பால் லேசாக வருடிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கொட்டாவி விடுவதுபோல வாயை அகலத் திறக்கும் அந்த ஒரு நொடியில் சட்டென்று அணைக்க வேண்டும், முகவாய் முதலில் பட வேண்டும். ஏழெட்டுத் தடவை தப்பியது. ஒவ்வொரு தடவையும் சுண்டுவிரலை அவள் வாயோரம் விட்டுப் பிடியைத் தளர்த்தி, மறுபடி. ஒருவழியாகக் கவ்வியபோது கீழ் உதடு வெளிப்பக்கம் மடிந்திருந்தது, கருவட்டம் மேலே கொஞ்சம் தெரிந்தது, கீழே தெரியவே இல்லை. வலியும் இல்லை. "இப்போ பேசாம கேளுங்க" என்றீர்கள். தாடை ஆழமாக இறங்குகிறது, ஒரு கணம் நிற்கிறது, அப்புறம் "க்" என்று மெல்லிய ஒரு சத்தம். விழுங்குகிறாள்! பதினைந்து நாளாக நான் அதைக் கேட்டதே இல்லை. கேட்காததுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

சப்புவது வேறு, குடிப்பது வேறு என்று அன்று புரிந்தது. தாடை படபடவென்று சின்னதாக ஆடினால் வெறும் சப்பல். அப்போது மார்பை உள்ளங்கையால் மெதுவாக அழுத்திப் பிடித்தால் பால் தானாக இறங்கும், அவள் மறுபடி விழுங்க ஆரம்பிப்பாள். அதுவும் பலிக்காவிட்டால் அடுத்த மார்பு. குட்டிக் குழந்தை சீக்கிரம் களைத்துத் தூங்கிவிடுகிறது, மார்பு காலியாவதில்லை, காலியாகாத மார்பு சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது, பால் குறைய, குழந்தை இன்னும் களைக்கிறது. இந்தச் சுழலில்தான் மாட்டியிருந்தோம். "பால் தண்ணியா இருக்கு, அதான் ஏறலை" என்று யாரோ சொன்னதைச் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள். ஆரம்பத்தில் வருகிற பால் பார்க்கத் தண்ணீராகத்தான் இருக்குமாம். மார்பு காலியாகக் காலியாகக் கொழுப்பு கூடிக்கொண்டே போகுமாம். நாங்கள் அந்தக் கடைசிப் பாலுக்குப் போய்ச் சேரவே இல்லை.

டாக்டர் அம்மாவுக்கு அடுத்து. முதல் வேலையாகக் காய்ச்சல், மஞ்சள் காமாலை, நாக்குக்கு அடியில் ஒட்டு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டீர்கள். பிறகு கையெழுத்து புரியும்படி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தீர்கள் (டாக்டர்களில் அபூர்வம்). ஒரு வேளைப் பால் ஆரம்பித்த நேரத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் அடுத்த வேளை ஆரம்பிக்க வேண்டும், முடிந்த நேரத்திலிருந்து அல்ல. ஒரு நாளைக்கு எட்டு வேளைக்குக் குறையக்கூடாது, பன்னிரண்டு ஆனாலும் சரி. அழுகைக்காகக் காத்திருக்காமல் எழுப்பிக் கொடு. அரை மணிக்கு மேல் மார்பில் போட்டுக் களைக்க வைக்காதே. குடித்து முடித்ததும் இரண்டு பக்கமும் பத்துப் பதினைந்து நிமிடம் பீய்ச்சி, அந்தப் பாலைச் சின்னக் கிண்ணத்தில் கொடு.

முதல் நான்கு நாள் பீய்ச்சியதில் பத்து மில்லி தேறுவதே பெரும்பாடாக இருந்தது. அதனால் மீதிக்கு அளந்து பவுடர் பால் கொடுக்கச் சொன்னீர்கள். நான் அழுதேன். தோற்றுப்போன மாதிரி இருந்தது. "குழந்தைக்குப் பசியாறணும், அது முதல். உங்க சுரப்பைக் காப்பாத்தணும், அது ரெண்டாவது. ரெண்டும் சண்டை போடாது" என்றீர்கள். தெம்பு வந்த குழந்தை இழுத்துக் குடிக்கும், இழுக்க இழுக்கச் சுரக்கும் என்றீர்கள். அப்படியே நடந்தது. 21-ஆம் நாள் 2,300 கிராம். அதற்கு இரண்டு நாள் கழித்துப் பவுடர் டப்பாவை மூடிவைத்தோம்.

இன்னொன்றுக்கும் நன்றி. எடை வரைபடத்தில் எல்லாவற்றுக்கும் கீழே ஓடுகிற கோட்டுக்கும் கீழே எங்கள் புள்ளி இருந்தபோது, அடுத்த வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடாதே, அவளுடைய புள்ளிகளை மட்டும் சேர்த்துப் பார் என்றீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அந்த வரைபடமே ஆறு நாடுகளில் தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளை வைத்துப் போட்டது என்பதையும் நீங்கள் சொல்லித்தான் தெரியும். இப்போது எங்கள் புள்ளி அந்தக் கீழ்க்கோட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. எனக்கு அது போதும்.

வீட்டில் எடைக் கருவி வாங்கிவைத்ததை உங்களிடம் மறைத்தேன், அதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு வேளைக்கும் முன்னும் பின்னும் நிறுத்துக்கொண்டிருந்தேன். ஐந்து கிராம் குறைந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அவள் ஒருமுறை மூத்திரம் போனாலே அதைவிட அதிகம் குறையும் என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை. இதை முதலில் சொன்னது என் தோழியிடம்தான். அவள் பிள்ளையும் இதே மாதிரி பொடிசாகப் பிறந்தவன். "நாளைக்கே அதைத் திருப்பிக் குடு" என்று ஒரே வரி அனுப்பினாள். கொடுத்துவிட்டேன். வாரம் ஒருமுறை, நர்ஸ் அக்காவிடம் இருக்கும் அதே கருவியில், துணியில்லாமல். அதற்குமேல் கிடையாது. தோழி, அந்த நாட்களில் ராத்திரி இரண்டு மணிக்கு நான் எதை அனுப்பினாலும் பதில் போட்டாய். நீ எப்போதுதான் தூங்கினாய்?

அத்தை, நீங்கள் இதைப் படிக்கும்போது கோபித்துக்கொள்ளக்கூடாது. முதல் வாரத்தில் "பால் பத்தலையோ" என்று முதலில் கேட்டது நீங்கள்தான். இடையில் ஒரு கரண்டி தண்ணீர் கொடுக்கலாமே என்றதும் நீங்கள்தான். ஆறு மாதம் வரை தண்ணீரே வேண்டாம், இந்தக் குட்டி வயிற்றில் தண்ணீர் போனால் பாலுக்கு இடமிருக்காது என்று நர்ஸ் அக்கா சொன்னதும், "சரி, எங்க காலத்துல யாரும் சொல்லலை" என்று கரண்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டீர்கள். மறு பேச்சு இல்லை. உங்கள் வயதில் என்னால் அப்படி முடியுமா தெரியவில்லை. அப்புறம் நீங்கள் எடுத்துக்கொண்ட வேலை ஈரத்துணிக் கணக்கு. ஒரு நாளைக்கு ஆறுக்குக் குறையாமல் நனைய வேண்டும். காலையில் நான் எழுந்ததும் நீங்கள் சொல்லும் முதல் வார்த்தையே "ஏழு" அல்லது "எட்டு". வந்தவர்கள் யாராவது "ஏன் இப்படி நோஞ்சானா இருக்கா?" என்று வாயெடுத்தால், என்னை உள்ளே ஏதோ வேலையாக அனுப்பிவிட்டு நீங்களே பதில் சொல்வீர்கள். என்ன பதில் என்று நான் கேட்டதில்லை. அவர்கள் இரண்டாம் தடவை கேட்டதும் இல்லை.

அவளுடைய அப்பாவுக்கு நன்றி சொன்னால் சிரிப்பார். இருந்தாலும். ராத்திரி ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் அலாரம் வைத்தவர் அவர். அவளை எழுப்பியவரும் அவர்தான். போர்வையை விலக்கி, துணி மாற்றி, உள்ளங்காலைத் தேய்த்து, கண் திறந்ததும் என்னிடம் தருவார். நான் உட்கார்ந்தபடியே தூங்கிவிடக்கூடாது என்று எதிரில் உட்கார்ந்துகொள்வார். நோட்டில் மூன்று பத்திகள்: நேரம், எந்தப் பக்கம், எத்தனை மில்லி. சாயங்காலங்களில் சட்டையைக் கழற்றி அவளை வெறும் நெஞ்சில் போட்டுக்கொண்டு மணிக்கணக்காகச் சாய்ந்திருப்பார். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் ஒரு மருத்துவர் தொடங்கிய கங்காரு முறை இது என்று டாக்டர் அம்மா சொன்னாலும் சொன்னார், வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அந்தக் கதையைச் சொல்லாமல் இவர் விடமாட்டார். குழந்தை உடம்புச் சூட்டுக்காகச் செலவழிக்கும் சக்தி மிச்சமாகி எடையாகும் என்று முடிப்பார். எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. நோட்டை ஐம்பதாம் நாளோடு நிறுத்தினோம். கடைசிப் பக்கத்தில் நேரம் மட்டும் இருக்கிறது, எழுதியபடியே பேனாவோடு தூங்கியிருக்கிறார்.

இப்போது அவள் சமத்து இல்லை. பசித்தால் தெருமுனை வரை கேட்கும். பால் வர அரை நிமிடம் தாமதமானால் முஷ்டியால் குத்துகிறாள். தொடையில் ஒரு மடிப்பு விழுந்திருக்கிறது. அத்தை குளிப்பாட்டும்போதெல்லாம் அந்த மடிப்பைத் தனியாகத் துடைக்கிறார். ஒரு மடிப்புக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை.

கடைசியாகக் கீழ்வீட்டு அம்மா. நான் கட்டிலில் சம்மணம் போட்டுக் கூனி உட்கார்ந்து பால் கொடுப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உங்கள் மர நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தீர்கள். கைப்பிடி உயரமாக இருக்கும், வலது கைப்பிடியில் பிரம்பு பிய்ந்து துணி சுற்றியிருக்கும். அதில் உட்கார்ந்த அன்றுதான் என் தோள் கீழே இறங்கியது, அவளும் சரியான உயரத்துக்கு வந்தாள். ஒரு வாரத்தில் தருகிறேன் என்று சொல்லி வாங்கியது. இரண்டரை மாதம் ஆகிறது. சுற்றியிருந்த துணியில் பால் வாடை ஏறிவிட்டதால் பிரித்து வேறு துணி சுற்றியிருக்கிறேன், நிறம் மட்டும் பொருந்தவில்லை. உங்களுக்கு முட்டி வலி, அந்த நாற்காலி இல்லாமல் சிரமப்படுகிறீர்கள் என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். இன்னும் ஒரு மாதம் வைத்துக்கொள்ளட்டுமா?

அன்புடன்,
மாடிவீட்டுப் பாப்பாவின் அம்மா