பின்னுக்கு வாறவனுக்குச் சொல்லு

மச்சான்,

உன்ரை கடிதம் வந்து ரெண்டு மாசம். பதில் போடாதது பிழைதான், நேரிலை கண்டால் ஏசு. இஞ்சை எல்லாரும் சுகம். அம்மா உன்னைக் கேட்டவ.

ஓகஸ்ட் விடுமுறைக்கு 14 பெடியளோடை பரந்தனிலையிருந்து முல்லைத்தீவுக்குச் சைக்கிளிலை போறாய் எண்டு வாசிச்சதிலையிருந்து எனக்கு அதே யோசினை. 50 கிலோமீற்றருக்கு மேலை எண்டாலும் அவங்கள் உழக்குவாங்கள். வாய் திறக்காமல் போவாங்கள் எண்டதுதான் என்ரை பயம்.

14 பேரையும் ஒரே வரிசையா விடாதை. ஏழேழாப் பிரி. நடுவிலை ஒரு பஸ் முந்தி வந்து ஒதுங்க இடம் வேணும். நீ முன்னுக்குப் போகாதை. உன்னை முன்னுக்கு விட்டால் என்ன நடக்கும் எண்டு கண்டாவளை ஊருக்கே தெரியும். களைக்கிற பெடியனை ரெண்டாவதா விடு, காத்து மறைவு கிடைக்கும். கடைசியிலை விட்டால் செத்தான்: குழி தாண்டின உடனை முன்னவன் வேகம் எடுப்பான், அந்த இடைவெளியைக் கடைசி ஆள்தான் ஓடிப் பிடிக்கோணும். அதாலை கடைசி ஆள் "வந்தாச்சு" எண்டு கத்துமட்டும் முன்னவன் ஆறுதலா உழக்கட்டும்.

எச்சரிக்கைச் சொல்லு ரெண்டு திசையிலை ஓடும். "குழி", "கல்லு", "மாடு" முன்னுக்கிருந்து பின்னுக்கு. "வாகனம்" பின்னுக்கிருந்து முன்னுக்கு. கேட்டவன் ஒவ்வொருத்தனும் திருப்பிச் சொல்லோணும். நடுவிலை ஒருத்தன் பேசாமல் விட்டால் அவனோடை அறுந்துது. மூண்டாவதா வாறவனுக்கு முன்னவன்ரை முதுகு மட்டும்தான் தெரியும், குழி தெரியாது. கை காட்டுறது ரெண்டாம்பட்சம். பிறேக் பிடிக்கவேண்டிய இடத்திலை கையை எடுக்காதை, வாயாலை சொல்லு. ஒவ்வொரு சின்னக் கல்லுக்கும் கத்தினாலும் பிழை, பிறகு ஒருத்தனும் காது குடுக்கமாட்டான்.

சிறுபோக வெட்டு நேரம், றோட்டிலை பாதிக்கு நெல்லுக் காயும். மணியிலை ரயர் வழுக்கும். முன்னவன் இடக்கையை முதுகுக்குப் பின்னாலை கொண்டுபோய் வலப்பக்கம் வீசிக் காட்டோணும். ஆனால் உடனை விலகக்கூடாது. பின்னாலை லொறி வருகுதோ எண்டு கடைசி ஆளுக்குத்தான் தெரியும். அவன் "விலகு" எண்டால்தான் விலகலாம். இதிலை மட்டும் விட்டுக்குடுக்காதை.

இனிச் சோளகம், அதுதான் தென்மேல் காத்து. அந்த றோட்டிலை அது கூடுதலா வலப்பக்கத்தாலை அடிக்கும். அப்ப மறைவு நேர் பின்னாலை இராது, இடப்பக்கம் சரிஞ்சிருக்கும். பெடியள் அதைத் தேடித் தங்களை அறியாமலே இடப்பக்கம் ஒதுங்கி, முன்சில்லை முன்னவன்ரை பின்சில்லுக்குப் பக்கத்திலை கொண்டுபோய் விடுவாங்கள். அவன் கொஞ்சம் இடப்பக்கம் வெட்டினால் சில்லு முட்டும். விழுறது பின்னவன்தான், அவனுக்குப் பின்னாலை வாறவங்களும் அவனுக்கு மேலைதான். ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விடச் சொல்லு. கம்பிப் பிறேக் சைக்கிள்காரருக்கு அதிலை ரெண்டு மடங்கு. இரும்பு றிம் நனைஞ்சால் அந்தப் பிறேக் பிடிக்கவே பிடிக்காது.

எழும்பி நிண்டு உழக்கேக்கை சைக்கிள் ஒரு சாண் பின்னுக்கு வரும். "எழும்புறன்" எண்டு சொல்லிப்போட்டு எழும்பட்டும்.

முல்லைத்தீவுக்குக் கிட்ட வாற வட்டுவாகல் பழைய பாலம் ஒடுக்கம். ஏறமுதலே ரெண்டு ஏழு பேரும் தங்கடை தங்கடை ஒற்றை வரிசையிலை நிக்கோணும், ஒருத்தரும் பக்கத்திலை பக்கத்திலை வரக்கூடாது.

ஞாயிறு காலமை தருமபுரம்மட்டும் ஒருக்கா ஓடிப் பார். காத்துக்குள்ளை கடைசிப் பெடியன் கத்தினது முன்னுக்குக் கேட்டுதோ எண்டு எனக்கு உடனை எழுது.

அன்புடன்,
உன்ரை மச்சான்