அன்றிரவு நீ கேட்ட சொல்

அன்புள்ள உனக்கு,

பெயர் போடவில்லை. போட்டால் உன் சித்தி முதல் வரியிலேயே உன் அம்மாவுக்கு அனுப்பிவிடுவார். போடாவிட்டாலும் அனுப்புவார், கொஞ்சம் யோசித்துவிட்டு.

நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு வருடமாக நீ கேட்டது, நான் தள்ளிப்போட்டது. ஏன் தள்ளிப்போட்டேன், ஏன் இப்போது என்பதெல்லாம் உனக்குத் தெரியும், இங்கே வேண்டாம். விவாகரத்து அஃபிடவிட்டின் கடைசிப் பக்கத்தில் பேனாவை வைக்கும்போது எனக்கு வந்த யோசனை வேறு. அஃபிடவிட் என்பது இடைக்கால லத்தீன் வினைமுற்று. ‘உறுதி கூறியிருக்கிறார்’ என்று அர்த்தம். உள்ளே இருக்கும் வேர் ஃபிடெஸ்: நம்பிக்கை, கொடுத்த வாக்கு. ஒருவருக்கொருவர் உண்மையாக இருப்பதைச் சொல்லும் ஃபிடெலிட்டிக்கும் அதே வேர்தான். சேர்ந்திருந்தபோது நாம் வாயால்கூடச் சொல்லிக்கொள்ளாத வார்த்தை, பிரியும்போது எழுத்தில் வந்து நிற்கிறது.

அப்புறம் அந்த இரவு. நீ மறந்திருக்கலாம், உனக்கு அது வெறும் ஒரு ராத்திரி.

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பழைய ஆம்ப்ளிஃபயரின் மூடியைக் கழற்றி வைத்திருந்தாய். ஈயம் உருகும் வாசனை. நான் மேசையில் யாருடைய கட்டுரையையோ மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். தலை நிமிராமல் கேட்டாய்: “ஹை-ஃபைல வர்ற ஃபிடெலிட்டிக்குத் தமிழ்ல என்ன?”

“கற்பு” என்றேன். “உயர்கற்பு ஒலிபெருக்கி.”

“அப்ப இந்தப் பெட்டி பத்தினியா?” என்று நீ சிரித்த சிரிப்பில் கை நழுவி, சால்டரிங் அயர்ன் கட்டைவிரலில் பட்டது. குழாயடியில் ரொம்ப நேரம் விரலைக் காட்டிக்கொண்டு நின்றாய். நான் வெள்ளைக் கட்டுத்துணி எடுத்து வந்து விரலிலிருந்து மணிக்கட்டு வரை சுற்றினேன். தீக்காயத்துக்கு அவ்வளவு இறுக்கமாகக் கட்டக் கூடாது என்று பிறகுதான் தெரிந்தது. கட்டி முடிக்கும் முன் என் போன் மேசையில் அதிர்ந்தது. “யாரு?” என்றாய். “ஆபீஸ்” என்றேன்.

இதற்கு மேல் எழுத மாட்டேன். படிக்கிற மற்றவர்களுக்கு இவ்வளவு போதும். உனக்கு இதுவே அதிகம்.

கட்டுப்போட்ட கையோடு நீ எனக்கு விளக்கினாய்: “உள்ள என்ன போச்சோ அதுவே வெளிய வரணும். ஆம்ப் தன் பங்குக்கு எதையும் சேர்க்கக் கூடாது. அதான் ஃபிடெலிட்டி.” நான் தலையாட்டினேன். மொழிபெயர்ப்பில் அப்படி ஒரு ஆம்ப் கிடையாது என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. இப்போது ஒன்று கேட்கிறேன். நடந்ததை உன் வீட்டில் சொன்னபோது, உன் பங்குக்கு எதையும் சேர்க்காமல்தான் சொன்னாயா?

சரி, விடு.

நான் சொன்ன பதில் தப்பு என்று அப்போதே தெரியும். மறுநாள் தேடிப் பார்த்தேன். அன்றிலிருந்து இன்று வரை தேடிக்கொண்டிருக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம். குற்றவுணர்வுக்கு அகராதி நல்ல போக்கிடம். ஃபிடெஸ், அதிலிருந்து ஃபிடெலிஸ், அதிலிருந்து ஃபிடெலிடாஸ். பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. அதே லத்தீன் சொல் அதற்கு முன்பே உருக்குலைந்து ‘ஃபியல்டி’ என்று வந்துவிட்டது. அது பிரபுவிடம் நிலம் பெற்ற வீரன் அவருக்குச் செய்யும் சத்தியம். கட்டிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நிலத்துக்கும் வாளுக்கும்தான் சம்பந்தம்.

ரோமானியர்களுக்கு ஃபிடெஸ் ஒரு பெண் தெய்வம். கேபிடோல் குன்றின் மேல் கோயில். அவளுக்குப் பூசை செய்பவர்கள் வலது கையை விரல்கள் வரை துணியால் மூடிக்கொள்ள வேண்டும் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதியிருக்கிறார். வாக்கு குடியிருக்கும் இடம் வலது கை, அதைக் கறைபடாமல் காக்க வேண்டும் என்பது காரணம். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் ஞாபகம் வந்தது, நீ இடதுகைக்காரன், நான் கட்டியது இடது கையில். ஒரு உவமைகூட நமக்கு ஒழுங்காக அமையவில்லை.

நாய்க்கு வைக்கும் ஃபிடோ என்ற பெயரும் இந்த வேர்தான். ‘விசுவாசமுள்ளவன்’ என்று நினைத்திருந்தேன். லத்தீனில் அது ஒரு முழு வாக்கியமும்கூட: ‘நான் நம்புகிறேன்’. ஆபிரகாம் லிங்கன் அந்தப் பெயரில் ஒரு நாய் வளர்த்தார். 1861இல் ஜனாதிபதியாக வாஷிங்டன் போனபோது, பயணத்தையும் கூட்டத்தையும் அது தாங்காது என்று ஸ்பிரிங்ஃபீல்டிலேயே இன்னொரு குடும்பத்திடம் விட்டுவிட்டுப் போனார். நல்ல காரணம்தான். நீ வருடத்தில் எட்டு மாதம் வேலை வேலை என்று வெளியே இருந்ததற்கும் எப்போதும் நல்ல காரணம் இருந்தது.

பார், மன்னிப்புக் கேட்க உட்கார்ந்தவள் எங்கே வந்து நிற்கிறேன்.

கற்பு என்று நான் விளையாட்டாகச் சொன்ன சொல்லையும் போய்ப் பார்த்தேன். தொல்காப்பியத்தில் அது உடம்பைப் பற்றிய சொல்லாகத் தொடங்கவில்லை. களவுக்கு எதிர்ப்பக்கம் கற்பு: யாருக்கும் தெரியாமல் காதலிப்பது களவு, ஊரறிய மணந்து வாழ்வது கற்பு. அந்த வாழ்க்கையைச் சொல்லும் கற்பியலிலேயே தலைவன் பரத்தையிடம் போவதும் பேசப்படுகிறது. போருக்குப் போவது, பொருள் தேடப் போவது போல அதுவும் ஒரு ‘பிரிவு’. தலைவிக்கு ஊடல் மட்டும். அவள் போனால் என்ன பெயர் என்று தேடினேன். கிடைத்த பெயர்களை உன் சொந்தக்காரர்கள் ஏற்கெனவே எனக்குத் தந்திருந்தார்கள். ஆணுக்கு வேண்டுமென்றால் ‘ஏகபத்தினி விரதன்’ என்று நீட்டி முழக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது ஏதோ நோன்பு மாதிரி, பாராட்டு மாதிரி.

இது நான் செய்ததை நியாயப்படுத்தவில்லை. நீ ஒருநாளும் அந்தப் பெயர்களில் ஒன்றையும் என்னைப் பார்த்துச் சொன்னதில்லை. மற்றவர்கள் சொன்னபோது சும்மா இருந்தாய், அது வேறு. நான் பொய் சொன்னேன். ஒரு தடவை இல்லை, எட்டு மாதம். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், ‘ஆனால்’ போடாமல். மேலே நிறைய ‘ஆனால்’ இருக்கிறது, அதை அழிக்கப் போவதில்லை.

விசுவாசம் வடமொழிச் சொல். அதற்குள் மூச்சு இருக்கிறது, சுவாசம் என்கிற அதே மூச்சு. பயமில்லாமல் மூச்சை விடுவதுதான் அதன் பழைய பொருள். அந்த எட்டு மாதத்தில் நீ வீட்டில் தூங்கிய இரவுகளில் உன் மூச்சைக் கேட்டுக்கொண்டு விழித்திருந்தது நான். இதை உன்னிடம் சொன்னதே இல்லை. கேள்விப்பட்டால் உனக்குக் கோபம்தான் வரும்.

நீ கேட்ட சொல்லுக்கு என் பதில் ‘நம்பு’. தொல்காப்பியம் ‘நம்பும் மேவும் நசையாகும்மே’ என்கிறது. நம்புதல் என்றால் நசை, விருப்பம். ஒருவரை வேண்டும் என்று நினைப்பதற்கும் அவர் மேல் பாரத்தைப் போடுவதற்கும் ஒரே சொல். எங்கோ வழியில் முதல் அர்த்தம் உதிர்ந்துவிட்டது. நமக்கும் அப்படித்தான் ஆனது, ஆளுக்கு ஒன்றாக. விருப்பம் போன பிறகும் நான் உன்னை நம்பினேன், இன்றைய அர்த்தத்தில். என் சம்பளம், என் உடம்பு, அப்பாவின் கடைசி நாட்கள் எல்லாவற்றையும் உன்னிடம்தான் விட்டேன். என்னை நம்ப முடியாது என்று ஆன பிறகும் நீ என்னைப் பழைய அர்த்தத்தில் நம்பிக்கொண்டிருந்தாய். அந்தக் கடைசி ஒரு வருடம் அதை என்னால் பார்க்க முடியவில்லை. கருணையாக இருந்திருக்க வேண்டியது, எரிச்சலாக இருந்தது.

ஆம்ப் உன்னுடையது, எடுத்துக்கொள். இடது பக்க ஒயர் மறுபடி விட்டுப்போயிருக்கிறது, நான் தொடவில்லை. சால்டரிங் அயர்ன் மேல் தட்டில், பழைய டப்பாவில் இருக்கிறது. கட்டுத்துணியும் அதிலேயேதான்.

சனிக்கிழமை வருவதானால் முன்னாடியே சொல், நான் வெளியே போய்விடுகிறேன். இல்லை, சொல்ல வேண்டாம். சாவி உன்னிடம் இருக்கிறதுதானே.