ஹெட்செட் போதும், நேரம் கொடுங்கள்

பொறியியல் கல்லூரி நிர்வாகத்தாருக்கு, முக்கியமாக வரும் பட்ஜெட்டிலும் விஆர் (ஹெட்செட் மாட்டிக்கொண்டு நேரில் நிற்பது போலவே பார்க்கும் மெய்நிகர் காட்சி) லேபுக்குப் பணம் ஒதுக்கப் போகிறவர்களுக்கு,

வணக்கம். மின்னியல் துறையில் வகுப்பு எடுத்துக்கொண்டே விஆர் வழிக் கற்பித்தலில் ஆராய்ச்சியும் செய்கிற ஓர் உதவிப் பேராசிரியன் எழுதுகிறேன். தயவுசெய்து புது ஹெட்செட் வாங்காதீர்கள். இருப்பவையே பீரோவுக்குள் கிடக்கின்றன. ஆய்வுக்குழு வரும் நாளிலும் அட்மிஷன் சீசனிலும் வெளியே எடுப்போம், திமிங்கலம் காட்டுவோம், வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், அப்புறம் மறுபடி பீரோ.

இது எதற்கு உதவும் என்று சொல்கிறேன். துணைமின் நிலையத்துக்கு இண்டஸ்ட்ரியல் விசிட் போனால் மாணவர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு பஸ் ஏற வேண்டியதுதான். மின்சாரத்தைத் துண்டிக்க, முதலில் லோடு (மின்னோட்டம்) ஓடும்போதே திறக்கக்கூடிய பிரேக்கர், பிறகு லோடு நின்ற பின்பே திறக்க வேண்டிய ஐசொலேட்டர், கடைசியாக லைனைத் தரையோடு இணைக்கும் எர்த் சுவிட்ச் என்று பரீட்சையில் எல்லோரும் சரியாக எழுதுவார்கள். அதே பிள்ளைகளை விஆர் யார்டுக்குள் விட்டால் பல பேர் நேராக ஐசொலேட்டர் கைப்பிடிக்குத்தான் போகிறார்கள். லோடு ஓடும்போது அதைத் திறந்தால் காட்சிக்குள் ஆர்க் (மின்தீப்பொறி) பிடித்து முகத்துக்கு நேரே எரிகிறது, சிலர் கத்தியே விடுகிறார்கள். அதற்கப்புறம் வரிசையைக் கேட்டால் நோட்டைத் தேடுவதில்லை. நேரில் செய்தால் ஆபத்தானது, செய்யவே முடியாதது, செலவு தாங்காதது போன்றவற்றுக்கு விஆரை வைத்துக்கொள்ளுங்கள் என்று ஸ்டான்ஃபோர்டின் விஆர் ஆராய்ச்சியாளர் ஜெரமி பெய்லன்சன் சொல்லி வருவதும் இதனால்தான்.

எல்லாப் பாடத்தையும் இதில் ஏற்றச் சொல்லிச் சுற்றறிக்கை விடாதீர்கள். கைடோ மக்ரான்ஸ்கி குழுவின் 2019 ஆய்வில் 52 மாணவர்கள் ஒரே சோதனைக்கூடப் பாடத்தைக் கணினித் திரையிலும் ஹெட்செட்டிலும் செய்து பார்த்தார்கள். ஹெட்செட்டில் அங்கேயே நிற்கிற உணர்வு கூடியது, கற்றது குறைந்தது.

ரெடிமேட் பேக்கேஜ் விற்க வருபவர்களிடமும் கவனம். விஆர் தளங்களில் கூகுள் எக்ஸ்பெடிஷன்ஸ் 2021-ல் மூடப்பட்டது, மைக்ரோசாஃப்டின் ஆல்ட்ஸ்பேஸ் 2023-ல், மொசில்லா ஹப்ஸ் 2024-ல். அவ்வளவு பெரிய கம்பெனிகளே கடையைக் கட்டும்போது, பாடத்தின் மூலக் கோப்புகள் நம் கையில் இல்லாவிட்டால் அடுத்த வருடம் எதை வைத்து வகுப்பு எடுப்பது?

ஆக, நாமேதான் செய்ய வேண்டும். பத்து நிமிடக் காட்சி ஒன்றை யூனிட்டி மென்பொருளில் கட்டி முடிக்க வாரக்கணக்கில் ஆகிறது. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு என்பது யுஜிசி கணக்கு. இந்த வேலை அதில் எங்கேயும் வராது, அப்ரைசலிலும் வராது, ராத்திரியில்தான் நடக்கிறது. வகுப்பன்று இன்னொரு பாடு. ஃபோமில் ஒட்டிக்கொண்ட ஸ்டிக்கர் பொட்டை உரித்து, தலை எண்ணெயைத் துடைத்து, லென்ஸ் இடைவெளியைக் கண்ணுக்குத் தக்கபடி நகர்த்தி, மல்லிகைப்பூ வைத்த பின்னலுக்கு மேல் பட்டையை எப்படிப் போடுவது என்று யோசித்து (இதை டிசைன் செய்தவர்கள் பின்னலையே பார்த்ததில்லை போலிருக்கிறது), தலைசுற்றி உட்காருகிறவருக்குத் தண்ணீர் கொடுத்து, 60 பேரையும் தனியாளாகச் சமாளிக்க முடியாது.

கேட்பது இவ்வளவுதான்: ஒரு லேப் அசிஸ்டென்ட், காட்சி தயாரிக்கும் நேரத்தையும் வேலைநேரமாக எழுதுவது, பீரோ சாவி துறையிடமே இருப்பது. அடுத்த செமஸ்டர் டைம்டேபிள் போடுவதற்கு முன் பதில் சொன்னால் நல்லது; போட்ட பிறகு ஒரு பீரியடைக்கூட நகர்த்த முடியாது என்பது உங்களுக்கே தெரியும்.