கிரேன் படிக்கப் போகும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

கிரேன் ஆபரேட்டர் பயிற்சியில் சேர்ந்ததை வெளியே சொல்லவே நீ கூச்சப்படுவதாக அக்கா போனில் சொன்னாள். கூட்டாளிகள் எல்லாம் கம்ப்யூட்டர் வேலைக்குப் போக, நீ மட்டும் லீவர் பிடிக்கப் போகிறாயாம். கேட்டதும் மனசு பொறுக்கவில்லை மக்ளே.

நீ படிக்கப் போவது 2,500 வருஷத்துத் தொழில். கி.மு. 6ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிரேக்கர்கள் கட்டிய கோயில்களின் கற்களில், தூக்குவதற்கென்றே செதுக்கிய குழிகள் இருக்கின்றன. அந்தக் குழிகள் எந்த இடத்தில் இருக்கின்றன என்று பார். ஒன்றுதான் என்றால் கல்லின் எடை மையத்துக்கு நேர் மேலே. இரண்டு என்றால் மையத்துக்கு இரு பக்கமும் சம தூரத்தில். ஸ்லிங், அதாவது சுமையைக் கொக்கியில் தொங்கவிடும் பட்டை, மாட்டச் சொல்லித் தரும்போது உனக்கும் இதையேதான் சொல்வார்கள். ஒரு சாண் தள்ளி மாட்டினால் கல் சாயும் என்பது உளி பிடித்தவனுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

அப்புறம் கப்பி. நம்ம ஆச்சி வீட்டுக் கிணற்றுக் கப்பி எடையைக் குறைக்காது, இழுக்கும் திசையை மட்டும்தான் மாற்றும். சுமையோடு சேர்ந்து மேலே ஏறும் கப்பி ஒன்று வந்தால்தான் இழுப்பு பாதியாகும். அதற்கு விலையாகக் கயிறு இரண்டு மடங்கு இழுக்க வேண்டும். கிரேன் கொக்கிக்கு மேலே வயர் ரோப் ஏன் மடிந்து மடிந்து போகிறது என்பது இப்போது புரிகிறதா? ரோமானியர்கள் கப்பிகளைக் கூட்டினார்கள், கூடவே ஆள் உள்ளே நின்று மிதிக்கும் பெரிய சக்கரத்தையும் சேர்த்தார்கள். பத்து இருபது பேர் முக்கினாலும் அசையாத கல்லை அதில் இரண்டு பேர் தூக்கியிருக்கிறார்கள். போலந்தின் கிதான்ஸ்க் துறைமுகத்தில் 1440களில் கட்டிய மரக் கிரேனும் மிதிசக்கரத்தில் ஓடியதுதான். கப்பல்களுக்குப் பாய்மரம் நட்டது அது.

பெரிய திருப்பம் 1846இல். இங்கிலாந்தின் நியூகாசிலில் வக்கீலாக இருந்த வில்லியம் ஆம்ஸ்ட்ராங், ஊர்க் குழாய்த் தண்ணீரின் அழுத்தத்தை வைத்தே துறைமுகக் கிரேனை ஓட்டிக் காட்டினார். நம்ம ஊரில் ஹைட்ரா என்கிறோமே, சக்கரத்தில் ஓடும் அந்தக் கிரேனில் தண்ணீருக்குப் பதில் எண்ணெய், அவ்வளவுதான். கட்டடங்களுக்கு மேலே நிற்கும் டவர் கிரேனை எளிதாகப் பிரித்து மாட்டும்படி 1949இல் செய்தவர் ஜெர்மனியின் ஹான்ஸ் லீபெர்.

கன்னியாகுமரிக்குப் போனால் வள்ளுவர் சிலையை ஒரு தொழில்காரனாகப் பார். பீடம் 38 அடி, சிலை 95 அடி. அத்தனை கல்லும் கடல் தாண்டிப் பாறைக்கு வந்து, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறியவை. 2000 ஜனவரி 1 அன்று திறந்தபோது ஊரே அண்ணாந்து பார்த்தது. எனக்கு அந்தக் கற்களைக் கட்டி ஏற்றிய கைகள்தான் இன்றும் நினைவில் நிற்கின்றன.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பயிற்சியில் லோட் சார்ட் தருவார்கள். பூம், அதாவது கிரேனின் கை, நீள நீள, சுமை தள்ளிப் போகப் போக, தூக்கும் அளவு எப்படிச் சரிகிறது என்று அதில் இருக்கும். பாதிக் கிரேன்கள் கவிழ்வதற்கு அதை மதிக்காததுதான் காரணம் என்பது என் எண்ணம். சூப்பர்வைசர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சார்ட்டைத் தாண்டாதே. கையில் கிடைத்ததும் அதைப் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு, சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
மாமா